ஐட்லிங் நிற்காத வண்டிகள்: கெடா தோட்டப் பட்டறைகளின் வரலாறு

பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டு வருகிறவர்கள் சொல்லும் குறைகளில் மிகப் பழையது இது: “அண்ணே, ஐட்லிங் நிக்க மாட்டேங்குது.” சடக்கில் ஓடும்போது வண்டியில் குறை தெரியாது. சிவப்பு விளக்கில் நிறுத்தியதும் இன்ஜின் உதறும், கண்ணாடி அதிரும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஓரிரு விக்கலோடு அணைந்துபோகும். மூடா ஆற்றின் கழிமுகத்திலுள்ள கோத்தா கோலா மூடாவிலிருந்து சுங்கைப்பட்டாணி, பீடோங், குரூண் வரைக்கும் உள்ள பட்டறைகளில் இந்தக் குறையை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எப்படித் தீர்த்தார்கள் என்று தொடர்ந்து பார்த்தால், கெடாவின் தோட்டத் தமிழர்கள் வளர்த்தெடுத்த ஒரு தொழிலறிவின் வரலாறு கிடைக்கிறது. அந்த அறிவைக் கைராசி என்றும் காதுப் பழக்கம் என்றும் சொல்லிச் சுருக்கிவிட்டோம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிக்கொண்டே போய், மிஞ்சிய ஒன்றைப் பிடிக்கும் முறையான ஆய்வு அது என்பதே என் வாதம். பள்ளிக்கூடம் கொடுக்காத அந்த முறையைத் தோட்டத்து வேலையின் நெருக்கடிகள் கற்றுக்கொடுத்தன.

மூடா ஆறு நெடுங்காலமாக எல்லைக்கோடு. 1800இல் ஆற்றுக்குத் தெற்கேயிருந்த நிலம் பிரிட்டிஷாரிடம் போய், இன்றைய செபராங் பிறை ஆனது. வடகரை கெடா சுல்தானிடமே இருந்தது. கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது 1909ஆம் ஆண்டு பாங்காக் ஒப்பந்தத்தால். அந்தக் காலத்தில்தான் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட்டார்கள். தெற்கே பிறையிலிருந்து வந்த ரயில் பாதை 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது. ரயில் நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலிருந்த தூரத்தை முதலில் மாட்டுவண்டி கடந்தது, பிறகு லோரி கடந்தது. சாமான்களும் ஸ்பேர் பார்ட்ஸும் பினாங்கிலிருந்து படகேறி பட்டர்வொர்த் வந்து, மூடா ஆற்றைத் தாண்டி வடக்கே வர வேண்டியிருந்தது. ஒரு பாகம் தேய்ந்தால் புதியது கைக்கு வரும்வரை வண்டியை எப்படியாவது ஓட்டியாக வேண்டும் என்ற நிலை இப்படித்தான் உண்டானது. இந்தத் தொழிலின் குணத்தை அது முதலிலேயே தீர்மானித்துவிட்டது.

தோட்ட வரலாறு எழுதியவர்கள் பால்வெட்டுத் தொழிலாளியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கங்காணி முறை, கள்ளுக்கடை, 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வுக்கு விதித்த தடை, போருக்குப் பின் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் கள்ளுக்கு எதிராக எழுந்த தொண்டர் படை, 1947இல் கெடா தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களும் போலீஸ் அடக்குமுறையும் எல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அதே தோட்டத்தில் ரப்பர் ஷீட் உருட்டும் மங்கிள் இயந்திரங்களைச் சுழற்றிய இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றியவரும், லோரி ஓட்டியவரும், அவருக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு போன கெலிண்டானும் தொழிலாளிகள்தான். தோட்டக் கணக்கில் அவர்களுக்குத் தனிச் சம்பளம் இருந்தது, லயத்தில் கொஞ்சம் மதிப்பும் இருந்தது. ஆயுத பூசையன்று அந்த லோரிக்குத்தான் முதல் மாலை விழும், ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம் வைப்பார்கள். ஆனாலும் அவர்கள் கையிலிருந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை. வெட்டிய பாலுக்கு எடைக் கணக்கு உண்டு. சரியான நேரத்தில் சரியாக வைத்த ஐட்லிங்குக்குக் கணக்கு எழுத யாரும் பேரேடு போட்டதில்லை.

தோட்டத்தில் ஐட்லிங் ஏன் இவ்வளவு முக்கியமானது என்று கேட்கலாம். ரப்பர் பாலின் இயல்பில் பதில் இருக்கிறது. விடியுமுன் கீறிய மரத்திலிருந்து மங்குக் கிண்ணத்தில் சொட்டிய பால் வெயில் ஏற ஏறக் கெட்டிப்படத் தொடங்கும். அம்மோனியா கலந்தால் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியாகப் போய், வாளிகளை வடிகட்டி ஊற்றி, எடை குறித்து, உறைவதற்குள் ஆலைக்குச் சேர்க்க வேண்டும். நிறுவை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் லோரி நிற்கும். இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளப்ப பலவீனமான பேட்டரியையோ முன்பக்கம் செருகிச் சுற்றும் கைப்பிடியையோ நம்ப வேண்டும். ஆகவே இன்ஜின் நின்ற இடத்தில் அணையாமல் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருப்பதுதான் நாள் முழுவதற்குமான வேலைக்கு அடித்தளம். நகரத்துக் காரில் ஐட்லிங் கெட்டால் எரிச்சல். தோட்டத்து லோரியில் கெட்டால் பால் கெட்டது, கிராணியின் ஏச்சு, சில வேளை கூலிப் பிடித்தம். இந்தக் குறையைச் சட்டெனக் கண்டுபிடிக்கும் திறமை அங்கே முதிர்ந்ததற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

குறையின் இயல்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு வாதமும் அதன் மேல்தான் நிற்கிறது. ஐட்லிங்கில் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். இன்ஜின் உறிஞ்சும் காற்று மிகக் குறைவு, மானிஃபோல்டுக்குள் வேக்குவம் மிக அதிகம். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் இன்ஜினில் அது 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்டும். பெட்ரோலோ ஊசிமுனை போன்ற ஒரு சின்ன ஜெட் வழியாகத்தான் வருகிறது. அந்த நேரத்தில் கேஸ்கெட்டில் ஒரு நூலிழை விரிசல் இருந்தாலும் அதன் வழியே நுழையும் கள்ளக் காற்று மொத்தக் காற்றில் பெரிய பங்காகிவிடும், கலவை மெலிந்துவிடும். ஓடும்போது அதே விரிசல் பெருங்காற்றோடு காற்றாகக் கலந்து தெரியாமல் போகும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் வேகத்தில் மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டு போய்விடும், நிற்கும்போது முடியாது. ஆகவே இன்ஜினின் பல நோய்கள் முதலில் வெளிப்படுவது ஐட்லிங்கில்தான். தீப்பொறி, காற்று, எரிபொருள், சிலிண்டர் அழுத்தம், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் என்று ஐந்து வெவ்வேறு இடத்துக் கோளாறுகள் ஒரே நடுக்கமாகத் தெரியும். ஒரே அறிகுறிக்குப் பின்னால் இத்தனை காரணங்கள் இருக்கும்போது வெறும் கைராசி ஒரு நாள் கைகொடுக்கும், அடுத்த நாள் காலை வாரிவிடும். ஆண்டுக்கணக்கில் பிழைப்பு நடத்த வரிசை முறை வேண்டும்.

அந்த வரிசை பிரிட்டிஷ் வண்டிகளின் காலத்தில் உருவானது. 1948இல் வந்த மோரிஸ் மைனர், அதே ஆண்டில் வந்த லேண்ட் ரோவர், பெட்ஃபோர்டு, ஆஸ்டின் லோரிகள் ஆகியவைதான் அந்தத் தலைமுறையின் பாடப்புத்தகங்கள். மோரிஸ் மைனரில் எஸ்யூ கார்புரேட்டர் இருக்கும். அதில் ஐட்லிங் கலவையைச் சோதிக்கும் முறை அழகானது. கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு பின் உண்டு. இன்ஜினைச் சூடேற்றிவிட்டு அந்தப் பின்னை விரல் நுனியால் ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு மட்டும் தூக்க வேண்டும். உள்ளே பிஸ்டன் அந்த அளவு எழும்பும். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் போனால் பெட்ரோல் போதவில்லை. ஒரு கணம் லேசாக எழும்பிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. அதற்கேற்ப அடியிலுள்ள ஆறு பக்க நட்டை ஒரு பக்கம் ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவாகும். இந்தச் சோதனைக்கு மீட்டர் எதுவும் தேவையில்லை. கேள்வி கேட்டு விடை பெறும் பரிசோதனை இது. ஒரே ஒரு காரணியை மட்டும் அசைத்து, விளைவைக் கவனித்து, முடிவெடுப்பது. ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு செய்வதும் இதுவேதான்.

ஆனால் தேர்ந்த ஃபோர்மன் நட்டை உடனே தொடமாட்டார் என்பதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. முதலில் தீப்பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் கருகியிருக்கிறதா, இடைவெளி 0.015 அங்குலம் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பார். கெடாவின் ஈரக்காற்றில், மழைக்கால விடிகாலையில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வியர்த்துப்போய்த் தீப்பொறி கண்ட இடத்தில் தாவுவது சாதாரணம். மூடியைக் கழற்றித் துடைத்து, உட்புறத்தில் பென்சில் கோடு போலக் கருப்புத் தடம் ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தத் தடம் இருந்தால் மூடியை மாற்ற வேண்டும், துடைத்துப் பயனில்லை. அடுத்து வால்வு இடைவெளி, 0.012 அங்குலம். பிறகு காற்று. எஸ்யூவில் த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து ஆடினால் அந்த இடுக்கு வழியாகவே கள்ளக் காற்று நுழையும். தோட்டத்துச் செம்மண் தூசி எண்ணெயோடு கலந்து உப்புத்தாள் போல வேலைசெய்யும் இடத்தில் அது சீக்கிரமே தேயும். ஸ்பிண்டிலை விரலால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் கடைசல் பிடித்துப் புஷ் போடச் சொல்வார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஜெட்டும் நட்டும். தீப்பொறியையும் வால்வையும் பார்க்காமல் கலவையைத் திருகியவர் ஒரு தப்பை இன்னொரு தப்பால் மூடியவர் ஆகிறார். இதை மனப்பாடமாக வைத்திருந்ததே தேர்ந்த கைக்கு அடையாளம்.

இந்த வரிசை உருவாவதற்கு முன்பே, அதற்கு அடிப்படையான அறிவைப் போர் கடுமையாகச் சோதித்திருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஜித்ராவையும் குரூணையும் உடைத்துக்கொண்டு தெற்கே இறங்கியது. 1943 அக்டோபரில் கெடா மீண்டும் சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. சயாம் - பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் இன்ஜினைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றக்கூடும். ஆனாலும் அரிசியும் மருந்தும் லயங்களுக்கு வந்துசேர்ந்ததில் ஓடிக்கொண்டிருந்த சில லோரிகளுக்கும் பங்கு உண்டு. பெட்ரோல் இல்லை. கரி வாயுவில் ஓட்டினார்கள், ரப்பரையே காய்ச்சி வடித்த எண்ணெயிலும் ஓட்டினார்கள். அத்தகைய எண்ணெய் பிசினாகப் படிந்து ஜெட்டை அடைக்கும். மிகச் சிறிய துளையுள்ள ஐட்லிங் ஜெட்தான் முதலில் அடையும். பாகம் மாற்ற வழியில்லாத அந்த ஆண்டுகளில், எதைக் கழற்றித் துடைத்தால் போதும், எதைத் தொடாமல் விட்டால் இன்னும் ஒரு மாதம் ஓடும் என்று பகுத்தறிவது பிழைப்புக்கான அறிவானது. கையில் ஸ்பேர் பார்ட்ஸ் குவிந்திருக்கும் ஊரில் இந்தப் பகுத்தறிவுக்குத் தேவையே எழாது. சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிவிட்டுப் போய்விடலாம்.

போருக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், அது முதன்முதலாகக் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியதும் அந்த நெருக்கடிக்குக் கிடைத்த பதில். எல்லாத் தோட்டங்களையும் அப்படி மீட்க முடியவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது நெருக்கடி இன்னும் முற்றியது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த இளைஞர்களுக்குப் படிப்புச் சான்றிதழ் பெரிதாக இல்லை. லோரியில் கெலிண்டானாகவோ பட்டறையில் கையாளாகவோ சேர்வது திறந்திருந்த சில கதவுகளில் ஒன்று. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பட்டறை முதலாளிகள் பெரும்பாலும் சீனர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் காரின் அடியில் படுத்துக்கொண்டு பழகியவர்களில் தமிழ்ப் பையன்கள் பலர்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பட்டறைத் தொழில் சீனர்களின் தொழில், அதில் தமிழர் பங்கைப் பெரிதாக்கிக் காட்டுவது இனப்பெருமைக்காகச் செய்யும் மிகை என்பார்கள். கல்லாப்பெட்டி யாரிடம் இருந்தது என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கல்லாவுக்கு உரியவரும் கைத்திறனுக்கு உரியவரும் எப்போதும் ஒருவராகவே இருப்பதில்லை. தோட்டத்திலிருந்து வந்த பையன் வெறுங்கையோடு வரவில்லை. பால் லோரியைக் காலையில் கிளப்பிப் பார்த்தவன், ஆலையின் இன்ஜின் சத்தத்தில் வளர்ந்தவன், சத்தம் மாறினால் ஏன் என்று கேட்கப் பழகியவன். சீன ‘தௌக்கே’ கற்றுக்கொடுத்தது வெல்டிங், போரிங், பாகங்களின் விலை, வாடிக்கையாளரைக் கையாளும் நயம். இரண்டும் கலந்த இடத்தில்தான் கெடாவின் பட்டறை அறிவு உருவானது. அதைத் தமிழர் தனிச்சொத்து என்று சொன்னால் பொய். அதில் தமிழருக்கு இடமில்லை என்பதும் அதே அளவு பொய்.

1970களில் ஜப்பானிய வண்டிகள் சடக்கை நிறைத்தன. டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா இரண்டும் கெடா டவுன்களில் டாக்சியாகவும் குடும்பக் காராகவும் ஓடின. 120ஒய்யின் 1171 சிசி ஏ12 இன்ஜின் முரட்டுத்தனமாக உழைக்கக்கூடியது. அதில் எஸ்யூ இல்லை, இரண்டு பேரல் கார்புரேட்டர் இருந்தது. தூக்கிப் பார்க்கும் பின்னும் இல்லை. அதனால் வேறொரு சோதனை முன்னுக்கு வந்தது. இன்ஜின் ஐட்லிங்கில் உதறிக்கொண்டிருக்கும்போதே, ரப்பர் கையுறையோ காய்ந்த துணியோ சுற்றிய கையால் முதல் சிலிண்டரின் பிளக் வயரைப் பிடுங்குவார்கள். வேகம் சட்டென விழுந்து உதறல் கூடினால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலைசெய்கிறது என்று பொருள். வயரைத் திருப்பிச் செருகிவிட்டு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எந்த வயரைப் பிடுங்கியும் சத்தத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் சோம்பேறி. பிறகு அதன் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய் ஈரம் என்றால் ரிங்கோ வால்வு சீலோ போய்விட்டது, வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவை மெலிவு. பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டதும் குறையும் கூடவே போனால் பிளக்தான் காரணம். போகாவிட்டால் அழுத்தம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் நான்கு சிலிண்டரில் ஒன்றையும், ஐந்து காரணத்தில் இரண்டையும் பிரித்துவிடுகிற இந்தச் சோதனையை இன்றைய ஸ்கேன் கருவிகள் ‘சிலிண்டர் பேலன்ஸ்’ என்ற பெயரில் ஒரு பொத்தானில் செய்கின்றன. எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த பிறகு ஓடும் இன்ஜினில் வயரைப் பிடுங்குவது ஆபத்து, மாட்யூலைச் சுட்டுவிடும். ஆனால் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை.

1985 ஜூலை 9ஆம் தேதி புரோட்டான் சாகா வெளிவந்தது. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய கார் சாகாவாகத்தான் இருந்திருக்கும், புதிதாகவோ இரண்டாம் கையாகவோ. மிட்சுபிஷியின் 1298 சிசி இன்ஜினோடு வந்த அதன் கார்புரேட்டரைச் சுற்றி மெல்லிய வேக்குவம் குழாய்கள் ஓடும். இன்ஜின் சூட்டில் ரப்பர் விறைத்து, முனையில் வெடித்து, ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறலைக் கொடுக்கும். ஐட்லிங் பெட்ரோலைத் திறந்து மூடும் சாலனாய்டு ஒன்று உண்டு, அதன் வயர் தளர்ந்தால் கால் எடுத்ததும் வண்டி அணைந்துவிடும். ஏர்கோண்டிஷன் போட்டதும் ஐட்லிங்கைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பு வேலைசெய்யாவிட்டால், கெடா வெயிலில் ஏர்கோண்டிஷன் இல்லாமலும் இருக்க முடியாது, போட்டாலும் நிற்க முடியாது. 1994இல் வந்த பெரோடுவா காஞ்சில் இன்னொரு பாடம் புகட்டியது. 659 சிசி, மூன்றே சிலிண்டர். நல்ல நிலையிலும் லேசாக நடுங்குவது அதன் பிறவிக் குணம். அதைக் குறை என்று நினைத்து கார்புரேட்டரைத் திருகிக் கெடுத்த கைகள் உண்டு. மவுண்டிங் ரப்பரை மாற்றியதும் நடுக்கம் அடங்கியது. அந்த ரப்பரை முதலில் சந்தேகப்பட்டவர்கள், இன்ஜின் நடுங்குகிறதா அல்லது நடுக்கம் வெளியே தெரிகிறதா என்று பிரித்துக் கேட்கத் தெரிந்தவர்கள்.

கடலோரத்துக்கு வந்தால் கதை வேறு. கோத்தா கோலா மூடாவில் மீன் சந்தையின் ‘பாசார் பிசிக்’ ஏலம் பெயர்பெற்றது. வாங்குபவர் விலையைக் காதோடு காதாகச் சொல்வார். மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டிக்கொண்டே இருக்கும். இங்கே ஐட்லிங் கெட்டால் எர்த் வயரை முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் அந்த வயரின் முனையில் பச்சை பூத்திருந்தால் தீப்பொறி பலவீனப்படும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்த ஊரைத் தாக்கி உயிர்களையும் வீடுகளையும் படகுகளையும் கொண்டுபோனது. கடல்நீர் புகுந்த வண்டியில் வெளியே கழுவிவிட்டால் தீர்ந்தது என்றிருக்க முடியாது. வயர் உறைக்குள் புகுந்த உப்பு மாதக்கணக்கில் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். தோட்டத்தில் தூசியும் ஈரமும், கடற்கரையில் உப்பு. ஒரே மாவட்டத்துக்குள் முதலில் எங்கே கைவைக்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். எந்தக் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்திலும் அச்சாகாத பாடம் இது.

இரண்டாவது ஆட்சேபத்துக்குக் கனம் அதிகம், அதை ஒதுக்கிவிட முடியாது. காது வைத்து ஐட்லிங் வைத்தவர்களில் பலர் பெட்ரோலைக் கூட்டி வைத்தே குறையை மறைத்தார்கள் என்பது அது. உண்மைதான். கேஸ்கெட்டில் காற்றுக் கசிந்தால் கலவை ஸ்குரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டினால் உதறல் அடங்கும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். பெட்ரோல் செலவும் புகைக்குழாயில் கார்பன் மோனாக்சைடும் கூடும். பெட்ரோல் இன்ஜின் புகைக்கான சுற்றுச்சூழல் விதிகள் 1996இல் வந்தபோது, ஐட்லிங்கில் அளக்கப்படும் புகை இந்தப் பழக்கத்தின் முகமூடியைக் கிழித்தது. ஆனால் இந்த ஆட்சேபம் எதை நிரூபிக்கிறது? முறையைக் கைவிட்டவர்கள் இருந்தார்கள் என்பதைத்தான். எல்லாத் தொழிலிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. கலவையைக் கடைசியாகத் தொட வேண்டும் என்ற விதியே இந்த ஏமாற்றுக்கு எதிராகத் தொழிலுக்குள்ளிருந்து எழுந்த காவல். மானிஃபோல்ட் ஓரத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றிக் கசிவு தேடியவர் அந்தக் காவலை மதித்தவர். நீர் படும் நொடியில் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். அவருக்குக் கிடைத்த கூலியும் ஸ்குரூ திருகியவருக்குக் கிடைத்த கூலியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது என்பது அநியாயம். நல்ல கைகள் பல இந்தத் தொழிலை விட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது ஆட்சேபம் இன்றைய இளைஞருடையது. இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது, கம்ப்யூட்டரே கலவையைப் பார்த்துக்கொள்கிறது, இதெல்லாம் அருங்காட்சியகச் சரக்கு என்பார்கள். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது என்பது சரி. எப்படிப் பார்த்துக்கொள்கிறது? எங்கோ காற்றுக் கசிந்தால் ஆக்சிஜன் சென்சார் மெலிவைக் காட்ட, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. பழைய பட்டறையில் ஸ்குரூவைத் திறந்து மறைத்த அதே காரியத்தை இப்போது இயந்திரம் நேர்மையாகக் கணக்கு வைத்துக்கொண்டு செய்கிறது. எல்லை மீறும்போது விளக்கெரிந்து ‘பி 0171’ என்று பிழைக் குறியீடு வரும், கலவை மெலிவு என்று பொருள். ‘பி 0300’ என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர். ‘பி 0505’ என்றால் ஐட்லிங் கட்டுப்பாட்டில் கோளாறு. மூன்றும் விளைவைச் சொல்கின்றன, காரணத்தைச் சொல்லவில்லை. குறியீட்டைப் படித்துவிட்டு ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, பிறகு காயிலை மாற்றி, பிறகு த்ராட்டில் பாடியை மாற்றி, நூற்றுக்கணக்கான வெள்ளியைக் கரைத்த பின், கடைசியில் வெடித்த ஒரு ரப்பர் குழாயைக் கண்டுபிடிப்பது இன்று நடக்கிற கதை. பாயிண்டும் ஜெட்டும் போய்விட்டன. தீப்பொறி, அழுத்தம், காற்று, எரிபொருள் என்ற வரிசை போகவில்லை. ஸ்கேனர் கையிலிருக்கும் இளைஞருக்குப் பழைய ஃபோர்மனின் வரிசை தெரிந்திருந்தால் அவர் அந்த ஃபோர்மனையும் ஸ்கேனரை மட்டும் நம்புகிறவரையும்விடப் பெரிய மெக்கானிக்.

குரூணில் மோடெனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 1996இல் உற்பத்தியைத் தொடங்கியது, கூலிமில் கார்கள் பொருத்தப்படுகின்றன. இவற்றை வைத்து, இயந்திரத் தொழில் கெடாவுக்கு வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கு என்பது போலப் பேசுவது பொருந்தாது. தோட்டத்துப் பட்டறைகளில் அதற்கான மண் முன்பே பதப்பட்டிருந்தது. அந்தப் பட்டறைகளில் அனுபவத்தால் கற்றவர்களுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி இன்று உண்டு. முன் அனுபவத்தை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் திட்டத்தைத் திறன் மேம்பாட்டுத் துறை நடத்துகிறது. ஐம்பது வயதைத் தாண்டியும் தாள் இல்லாமல் உழைக்கும் மெக்கானிக் யாராவது உங்கள் வட்டாரத்தில் இருந்தால் இதைச் சொல்லுங்கள், பாரம் நிரப்பித் தாருங்கள். அங்கீகாரம் ஒரு பாதிதான். தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தோட்டத்து லோரி ஓட்டியவர்களையும் ஆலை இன்ஜின் பார்த்தவர்களையும் பட்டறையில் முடி நரைத்தவர்களையும் தேடிப் போய் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த வண்டி, யாரிடம் கற்றீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐட்லிங் நிற்காத வண்டி வந்தால் முதலில் எதைத் தொட்டீர்கள், எதைக் கடைசிவரை தொடாமல் விட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர் கையால் ஒரு பழைய சாகாவில் செய்துகாட்டச் சொல்லிப் படம் பிடியுங்கள். 1960களில் கையாளாகச் சேர்ந்த பையன்களுக்கு இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டது. இந்தத் தீபாவளி விடுமுறையிலேயே தொடங்குங்கள்.